தனியே படித்தவர்கள்: பெர்க்லி நுண்கணித வகுப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1970களின் நடுவில் பெர்க்லி கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதற்பருவ நுண்கணிதப் பாடத்தில் சேர்ந்து, இடையில் விலகாமல் இறுதிவரை வந்த கறுப்பின மாணவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு ‘டி’ அல்லது ‘எஃப்’ தரம்தான் கிடைத்தது (தர வரிசையில் கடைசி இரண்டு; ‘எஃப்’ என்றால் தோல்வி). ஏதோ ஒரு மோசமான ஆண்டின் கணக்கன்று இது. ஏறத்தாழப் பத்தாண்டுகளாக இதே நிலை. அப்படித் தவறியவர்களில் பலர் தங்கள் பள்ளியில் முதல் மாணவராக வந்தவர்கள். மற்ற எந்தப் பாடத்தையும்விடக் கணக்கு தங்களுக்கு நன்றாக வரும் என்று நம்பி வந்தவர்கள்.

நுண்கணிதத்தில் தேறாவிட்டால் பொறியியல் இல்லை, இயற்பியல் இல்லை. மருத்துவம் நோக்கிய படிப்பும் எட்டாமல் போகலாம். யார் எந்தத் துறைக்குப் போகலாம் என்பதை முதலாண்டின் இந்த ஒரு பாடமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. அங்கே ஒரு குறிப்பிட்ட குழுவினர் மட்டும் ஆண்டுதோறும் விழுந்துகொண்டே இருந்தால், பத்து ஆண்டுகள் கழித்து அந்தச் சமூகத்தில் பொறியாளர்களும் மருத்துவர்களும் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதும் அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அப்போது பெர்க்லியில் பட்டமேற்படிப்பு மாணவராக இருந்த யூரி டிரைஸ்மன் இந்தச் சிக்கலைக் கையிலெடுத்தார். உயர்கல்வியில் கணிதம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது, மாணவர்கள் அதை எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயும் துறையில் இன்றுவரை அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு அவருடைய ஆய்வு. அடிக்கடி எடுத்தாளப்பட்டதாலேயே அது சுருங்கிப்போய்விட்டது என்பது என் வருத்தம். “மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்தார், தேர்ச்சி கூடியது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பி மேசை நாற்காலிகளை மட்டும் இடம் மாற்றிப்போட்டு, பலன் வராமல் கைவிட்டவர்கள் பல நாடுகளிலும் உண்டு. ஆகவே நடந்ததை அடியிலிருந்து பார்ப்போம்.

கைவசம் இருந்த நான்கு விளக்கங்கள்

பெர்க்லி போன்ற பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கானோருக்கு விரிவுரை நடத்துவார். பிறகு மாணவர்கள் சிறு பிரிவுகளாகப் பிரிந்து, பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவரிடம் கணக்குப் போட்டுப் பழகுவார்கள். அப்படிப்பட்ட உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பணியில் டிரைஸ்மன் இருந்தார். உங்கள் பிரிவில் நன்றாகச் செய்பவர்கள் யார், திணறுபவர்கள் யார் என்ற கேள்விக்கு அவர்கள் தந்த பதில்கள் இனவாரியாகப் பிரிந்து நின்றன. நன்றாகச் செய்பவர்கள் பக்கம் சீன வம்சாவளி மாணவர்கள். திணறுபவர்கள் பக்கம் கறுப்பின மாணவர்கள்.

ஏன் இப்படி என்று ஆசிரியர்களிடம் கேட்டார். வந்த பதில்கள் நான்கு விளக்கங்களில் அடங்கின. படிப்பில் ஊக்கம் போதவில்லை; பள்ளியில் அடித்தளம் சரியாகப் போடப்படவில்லை; வீட்டில் கல்விக்கு ஆதரவில்லை; வறுமை. இப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள்மேல் அக்கறை கொண்டவர்கள்தான். ஆனால் அந்த விளக்கங்கள் மாணவர்களைப் பார்த்துப் பிறந்தவையல்ல. பொதுவாக எல்லாரும் நம்பிவந்ததை அவர்களும் சொன்னார்கள்.

டிரைஸ்மன் நான்கையும் சோதித்தார். எத்தனையோ தடைகளைத் தாண்டி பெர்க்லிவரை வந்துசேர்ந்தவர்களுக்கு ஊக்கமில்லை என்பது முதல் சில உரையாடல்களிலேயே அடிபட்டுப்போனது. குடும்பங்களைப் பற்றி விசாரித்தபோது, பிள்ளை பிறக்கும் முன்பே அது கல்லூரிக்குப் போகவேண்டும் என்று முடிவெடுத்து அதற்காகவே உழைத்த பெற்றோர் இருந்தார்கள். வருமானத்தை வைத்தும் யார் தேறுவார், யார் தவறுவார் என்று சொல்ல முடியவில்லை.

அடித்தளம் பற்றிய விளக்கம்தான் எல்லாவற்றிலும் நியாயமாகத் தோன்றுவது. அது பொய்த்த விதத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் கணித மதிப்பெண் கூடக்கூட நுண்கணிதத் தரமும் கூடவேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். இந்த மாணவர்களிடம் அப்படி ஓர் உறவு தென்படவில்லை. உயர்ந்த மதிப்பெண்ணோடு வந்த கறுப்பின மாணவர்கள் பலர் முதலிலேயே தவறினார்கள். அடித்தளம்தான் காரணம் என்றால் வலுவான அடித்தளம் உள்ளவர் கடைசியாகத் தவறவேண்டும். இங்கே நடந்தது வேறு.

இதோடு இன்னொரு செய்தியும் சேர்ந்தது. பின்தங்கியவர்களுக்கான துணை வகுப்புகளும் தனிப்பயிற்சி வசதியும் அப்போதே வளாகத்தில் இருந்தன. தவறிக்கொண்டிருந்த மாணவர்களில் பலர் அந்தப் பக்கம் போகவில்லை. பள்ளியில் முதல்வராக இருந்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய ஒருவர், ‘குறையுள்ளவர்களுக்கு’ என்று பெயர்ப்பலகை மாட்டிய அறைக்குள் எப்படிப் போவார்? அவர் தன்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பு சரியானதுதான். உதவி அமைக்கப்பட்ட விதம்தான் அவருக்குப் பொருந்தவில்லை.

உடனிருந்து பார்த்தது

விளக்கங்கள் நான்கும் கைவிட்டபின் டிரைஸ்மன் செய்த காரியம், கணிதத் துறையைச் சேர்ந்த ஒருவர் அந்நாளில் செய்யக்கூடியதாக யாரும் எதிர்பார்க்காதது. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் தேர்ந்து, ஓராண்டுக்கும் மேலாக அவர்களோடு இருந்தார். நூலகத்தில், விடுதி அறையில், சிலருடைய வீட்டில் என்று அவர்கள் படிக்கும் இடத்துக்கெல்லாம் போனார்; அவர்கள் கணக்குப் போடுவதைப் படம்பிடித்தார். கேள்வித்தாள் கொடுத்து “எவ்வளவு நேரம் படிக்கிறாய்?” என்று கேட்டிருந்தால் ஓர் எண் மட்டும் கிடைத்திருக்கும். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் அறிய முடியும்.

கறுப்பின மாணவர்கள் சொன்னபடி கேட்டார்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் வீட்டில் படிக்கவேண்டும் என்பது அங்கே புது மாணவர்களுக்குச் சொல்லப்படும் விதி. அதை அப்படியே கடைப்பிடித்து, வாரத்துக்கு எட்டு மணி நேரம் போலக் கணக்கில் செலவிட்டார்கள். விரிவுரைக்குத் தவறாமல் போனார்கள், வீட்டுப்பாடத்தை நேரத்துக்கு முடித்துக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் தனியாகச் செய்தார்கள். 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர் ஒருவரோடும் சேர்ந்து படித்ததே இல்லை. நண்பர்கள் இருந்தார்கள்; ஆனால் நட்பு வேறு, படிப்பு வேறு என்று இரண்டும் இரண்டு அறைகளில் இருந்தன.

தேர்வு முடிவு வரும்போது அவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. விடைகளில் பெரும்பாலானவை சரி என்று நம்பித்தான் வெளியே வந்திருப்பார்கள். தரம் தாழ்ந்திருந்தால் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டு அடுத்த தேர்வுக்கு இன்னும் அதிக நேரம், இன்னும் அதிகத் தனிமையில் படிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு நேரம் படிக்கிறார், எந்தக் கணக்கில் திணறுகிறார், எந்தப் புத்தகத்தைப் பார்க்கிறார் என்பது தெரிய அவர்களுக்கு வழியில்லை. தன்னளவில் முழுமையாக உழைக்கும் ஒருவர், தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்த பகுதி இதுதான்.

சீன வம்சாவளி மாணவர்கள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் கணக்கில் செலவிட்டார்கள். அதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தனியாகப் படித்தது. தனியாகப் படித்தபின் மாலையில் ஒன்றுகூடுவார்கள். சேர்ந்து சாப்பிடுவார்கள், வீட்டுப்பாடத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள், விடைகளை ஒப்பிடுவார்கள், ஒருவர் எழுதிய ஆங்கிலத்தை மற்றவர் திருத்துவார். ஒருவருக்கு மட்டும் வேறு விடை வந்து மற்ற அனைவருக்கும் ஒரே விடை வந்தால், தவறு எங்கே என்று அவர் அங்கேயே தெரிந்துகொள்வார். எல்லாருக்கும் ஒரே கணக்கு வரவில்லை என்றால் அந்தக் கணக்கே கடினமானது, குறை தன்னிடம் இல்லை என்று அறிவார்கள். மேல் வகுப்பில் படிக்கும் அண்ணனோ உறவினரோ வந்து கேள்வி கேட்டுச் சோதிப்பதும் உண்டு. பழைய தேர்வுத்தாள்கள் நூலகத்தில் எல்லாருக்கும் திறந்தே இருந்தன. அவற்றை எடுத்துப் போட்டுப் பார்க்கும் வழக்கம் இவர்களிடம் இருந்தது.

இதைச் சீனர்களின் பண்பாடு, அவர்களுடைய இயல்பு என்று எழுதிவிடும் கட்டுரைகளை நான் ஏற்கமாட்டேன். மேலே சொன்ன ஒவ்வொன்றும் ஓர் ஏற்பாடு: யார் யாரோடு சேர்கிறார், எந்தத் தாள் யார் கைக்கு வருகிறது, முன்னே போனவர் பின்னே வருபவருக்கு என்ன சொல்கிறார் என்பது. ஏற்பாடு என்பதால்தான் அதை வேறொரு குழுவினருக்கும் உருவாக்கித்தர முடிந்தது. 20 பேரைப் பார்த்து ஓர் இனத்தின் குணத்தைச் சொல்ல யாராலும் முடியாது. டிரைஸ்மன் அப்படிச் சொல்லவும் இல்லை.

மாலைக்கூட்டத்தில் கைமாறியது என்ன

குழுவாகப் படிப்பது நல்லது என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த மாலைக்கூட்டங்களில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது எது என்பதே கேள்வி. என் சொந்த எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறேன். பெர்க்லி தாள்களிலிருந்து எடுத்ததில்லை.

எக்ஸின் மும்மடியைக் கொசைன் எக்ஸால் பெருக்கி, மைனஸ் 1 முதல் 1 வரை தொகையிடவேண்டும் என்று ஒரு கணக்கு. முந்தைய நாள் பகுதித் தொகையிடல் நடத்தியிருக்கிறார்கள். தனியாகப் படிக்கும் மாணவர் அந்த முறையையே எடுத்து மும்முறை செய்வார். ஒரு பக்கம் நிறையும். எங்கோ ஒரு மைனஸ் குறி தவறினால் முழுக் கணக்கும் போகும். தவறாமல் செய்துவிட்டால் கடைசியில் பூச்சியம் வரும்; அவர் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார். கூட்டத்தில் இருப்பவருக்கு வேறு அனுபவம். அவரும் ஒரு பக்கம் எழுதியிருப்பார். பக்கத்திலிருப்பவர், “இது ஒற்றைச் சார்பு, இடமும் வலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், எதையும் செய்யவேண்டாம்” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு கணக்கின் விடையைவிடப் பெரிய செய்தி இருக்கிறது: கை வைக்கும் முன் சார்பின் வடிவத்தைப் பார். இந்தப் பழக்கம் பாடப்புத்தகத்தில் தனி அத்தியாயமாக இருக்காது. தேர்வில் அரைப்பக்க நேரத்தை மிச்சப்படுத்துவது அதுதான்.

இன்னொரு வகையும் உண்டு. தொடர்ச்சியான சார்பு என்றால் அதை எல்லாப் புள்ளியிலும் வகையிடலாம் என்று ஒரு மாணவர் மனத்தில் எண்ணம் ஊறியிருக்கும். அவர் போட்டுப் பார்த்த கணக்குகள் எல்லாவற்றிலும் அது சரியாகவே இருந்திருக்கும். எண்ணின் குறியை நீக்கித்தரும் மட்டுச் சார்பை, அதன் வரைபடம் கூராக மடியும் பூச்சியத்தில் வகையிடச் சொல்லி ஒருவர் கேட்டால்தான் அந்த எண்ணம் உடையும். தனியாக இருப்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. தவறான எண்ணம் தன்னைத்தானே வெளிக்காட்டிக்கொள்ளாது. இன்னொருவர் அதன்மேல் மோதவேண்டும்.

மூன்றாவது, கணக்கைச் சாராதது. எத்தனை மணிவரை விழித்திருந்தாய், இந்தப் பேராசிரியரின் தேர்வில் எது தவறாமல் வரும், எப்போது பாடத்தை விட்டு விலகலாம், எந்தப் பாடத்தோடு எதைச் சேர்த்து எடுக்கக்கூடாது என்பவை. பல்கலைக்கழகம் எழுதிவைக்காத விதிகள் இவை. வளாகத்தில் அண்ணனும் மாமனும் படித்திருந்தால் தானாக வரும். முதல் தலைமுறையாக வந்தவர், அல்லது தன் இனத்தவர் மிகச் சிலரே உள்ள இடத்துக்கு வந்தவர் இவற்றை எங்கிருந்தும் பெற வழியில்லை.

பட்டறை

பெர்க்லியில் ஆசிரியர் குழு ஒன்றின் முன்முயற்சியில் சிறுபான்மை மாணவர்களுக்கான தொழில்வளர்ச்சித் திட்டம் ஏற்கெனவே நடந்துவந்தது. தர்க்கவியலில் தம் நிறைவுத் தேற்ற நிறுவலுக்காகப் பெயர்பெற்ற லியோன் ஹென்கின் அதற்குப் பின்னின்றவர்களில் முக்கியமானவர். அந்தத் திட்டத்தின் கீழ் 1978இல் டிரைஸ்மனின் கணிதப் பட்டறை தொடங்கியது.

மாணவர்களுக்கு அனுப்பிய அழைப்பிலேயே மாற்றம் இருந்தது. இது பின்தங்கியவர்களைத் தூக்கிவிடும் வகுப்பு என்று சொல்லவில்லை. கணிதத்தில் சிறந்து விளங்க விரும்புபவர்களுக்கான சிறப்புத் திட்டம் என்று அழைத்தார்கள். அதை அலங்காரப் பேச்சாக எண்ணவேண்டாம். கொடுத்த கணக்குகளும் அதற்கேற்ப வகுப்புக் கணக்குகளைவிடக் கடினமாகவே இருந்தன. ‘தேறவேண்டும்’ என்பதைக் குறிக்கோளாக வைக்கவே இல்லை. ‘ஏ’ தரம் வாங்கவேண்டும் என்றே வைத்தார்கள். வழக்கமான விரிவுரையும் அதே தேர்வுகளும் தொடர்ந்தன. அவற்றோடு கூடுதலாக, மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து கணக்குத் தாள்களில் வேலைசெய்யும் நீண்ட அமர்வுகள் சேர்ந்தன. வழிநடத்துபவர் பலகையில் தீர்த்துக்காட்ட மாட்டார். மேசைக்கு மேசை நடப்பார், கேட்பார், சிக்கிக்கொண்ட இடத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகர்வார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக முயல்வார். பிறகு தன் வழியை மற்றவருக்கு விளக்கவேண்டும்.

கணக்குத் தாள்கள்தான் இந்தத் திட்டத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். பிரதியெடுத்தவர்கள் அதிகம் தவறவிட்டதும் இதைத்தான். டிரைஸ்மனும் ராபர்ட் ஃபுலிலவும் 1990இல் வெளியிட்ட மதிப்பீட்டில் அந்தக் கணக்குகளை வகைப்படுத்தியிருக்கிறார்கள். தேர்வில் திரும்பத்திரும்ப வருபவை, ஆனால் வீட்டுப்பாடத்தில் அரிதாகக் கொடுக்கப்படுபவை ஒரு வகை. மாணவரின் அடித்தளத்திலோ புரிதலிலோ உள்ள ஓட்டையை வெளிக்கொண்டுவருவதற்கென்றே அமைத்தவை இன்னொரு வகை; மேலே நான் சொன்ன மட்டுச் சார்புக் கணக்கு போன்றவை. ஒரு கருத்து ஏன் தேவைப்படுகிறது என்று காட்டும் எடுத்துக்காட்டுகளும் எதிர்க்காட்டுகளும் உண்டு. கணித மொழியில் துல்லியமாகப் பேசப் பழக்குபவை உண்டு. நல்ல மாணவர்களுக்குள் வாய்வழியாகப் பரவும், புத்தகமும் ஆசிரியரும் சொல்லாத குறுக்குவழிகளைக் கற்றுத்தருபவையும் உண்டு; அதைத் ‘தெருக் கணிதம்’ என்றே அழைத்தார்கள்.

இந்தப் பட்டியலை மாலைக்கூட்டங்களோடு பொருத்திப் பாருங்கள். அங்கே அண்ணனும் உறவினரும் கொண்டுவந்ததை இங்கே தாள் கொண்டுவருகிறது. பழைய தேர்வுத்தாளின் வாடை முதல் வகையில் இருக்கிறது. கேள்வி கேட்டு மடக்கும் நண்பர் இரண்டாவதில் இருக்கிறார். வாய்வழிக் குறுக்குவழி கடைசியில் வருகிறது. உடனிருந்து பார்த்தபோது கண்டதை டிரைஸ்மன் கணக்காக எழுதினார். ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் இடையில் இவ்வளவு நெருக்கம் கல்வியாய்வில் எளிதில் காணக்கிடைக்காது.

முடிவுகளும் அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும்

பட்டறையில் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதற்பருவ நுண்கணிதத்தில் ‘பி மைனஸ்’ அல்லது அதற்கு மேல் பெற்றார்கள். சேராத கறுப்பின மாணவர்களில் அந்தத் தரத்தை எட்டியவர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். தவறியவர்களின் பங்கு பட்டறையில் மிகச் சிறிதாகச் சுருங்கியது. வெளியே அது மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் இருந்தது. எஸ்.ஏ.டி. கணிதத்தில் (முழு மதிப்பெண் 800) 600ஐச் சற்றே தாண்டிய பட்டறை மாணவர்கள், 700களின் நடுவில் மதிப்பெண் பெற்ற வெள்ளையின, ஆசிய மாணவர்களுக்கு இணையாகச் செய்தார்கள் என்று டிரைஸ்மன் 1992இல் எழுதினார். அந்த ஆண்டில் அவருக்கு மெக்ஆர்தர் நல்கையும் கிடைத்தது.

இனி இதன் பலவீனங்கள். பட்டறையில் சேர்ந்தவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள். விரும்பிச் சேர்பவர், சேராதவரைவிட முதலிலேயே ஏதோ ஒரு வகையில் வேறுபட்டவராக இருக்கலாம். சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்த சோதனை இது அல்ல. பட்டறைக்கு முந்தைய ஆண்டுகளின் மாணவர்களோடும் ஒப்பிட்டார்கள், நுழைவு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்தார்கள். அதனால் ஐயம் குறைகிறது, தீரவில்லை.

நேரம் பற்றிய கேள்வி இதைவிட அழுத்தமானது. பட்டறை மாணவர்கள் வாரத்தில் பல மணி நேரம் கூடுதலாகக் கணக்குப் போட்டார்கள். தேர்ச்சிக்குக் குழு காரணமா, கணக்குகள் காரணமா, அல்லது அந்தக் கூடுதல் மணி நேரங்களே காரணமா? ஆய்வு இவற்றைப் பிரித்துக்காட்டவில்லை. என் கருத்தைச் சொல்கிறேன். முன்பு எட்டு மணி நேரம் தனியாகப் படித்தவரைப் பார்த்து “பதினான்கு மணி நேரம் படி” என்று சொல்லியிருந்தால் அவர் செய்திருப்பார். அவர்கள் சொன்னதைச் செய்பவர்கள்தான். ஆனால் அந்தக் கூடுதல் ஆறு மணி நேரமும் அதே தவறான எண்ணங்களோடு, அதே வகைக் கணக்குகளில், யாரும் மறுத்துக் கேட்காமல் கழிந்திருக்கும். தேர்வு அதிர்ச்சிக்குப் பிறகு பலர் செய்ததும் அதைத்தானே. நேரம் பயன்பட்டது உண்மை; அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதால் பயன்பட்டது.

பரவியபோது

டிரைஸ்மன் பின்னர் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1988இலேயே இதே வழியில் வளரும் அறிஞர் திட்டம் தொடங்கியிருந்தது. அதில் பங்கேற்ற மாணவர்களின் நுண்கணிதத் தரம் பங்கேற்காதவர்களைவிடக் கூடியிருந்ததை 1999இல் வெளியான ஆய்வொன்று, மாணவர்களின் முன்தயாரிப்பையும் கணக்கில் கொண்டபின், உறுதிசெய்தது. இன்னும் பல அமெரிக்கக் கல்லூரிகள் இந்த மாதிரியை எடுத்துக்கொண்டன.

எடுத்துக்கொண்ட இடங்களில் எல்லாம் ஒரே பொருள் வந்துசேரவில்லை. சில இடங்களில் அது வீட்டுப்பாட உதவி நேரமாக மாறிப்போனது. மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, வகுப்பில் கொடுத்த அதே கணக்குகளைத் தீர்த்து, விடையைப் பகிர்ந்துகொண்டு எழுந்துபோனார்கள். கடினமான தாளைத் தயாரிப்பது உழைப்பு கேட்கும் வேலை. மாணவர்கள் எங்கே சிக்குவார்கள் என்று தெரிந்தவர்தான் எழுத முடியும். அந்த உழைப்பை விட்டுவிட்டு வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், நடுவில் எதுவும் இல்லாத வட்டம்தான் கிடைக்கும்.

குழு மட்டும் போதாது என்பதற்குப் பிற்கால ஆய்வுகளிலிருந்தும் சான்று காட்டலாம். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் விரிவுரையையும், மாணவர்கள் வகுப்பிலேயே ஈடுபட்டு வேலைசெய்யும் முறைகளையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 விழுக்காடு, மற்ற வகையில் 21.8. பெரிய வேறுபாடு, மறுக்க முடியாதது. ஆனால் சராசரி எல்லாருக்கும் பொருந்தாது. எஸ்ட்ரெல்லா ஜான்சனும் மற்றவர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, தேடலை மையமாகக் கொண்ட முறையில் நடத்தப்பட்ட நுண்புல இயற்கணித (குலம், வளையம் போன்ற அமைப்புகளை ஆராயும் பாடம்) வகுப்புகளைப் பார்த்தது. அங்கே ஆண்கள் பெண்களைவிடக் கூடுதலாகச் செய்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த மற்ற வகுப்புகளில் அப்படி ஒரு வேறுபாடு இல்லை. மாணவர்களைப் பேசவிட்டால் போதும், சமத்துவம் தானே வரும் என்று நம்பியவர்களுக்கு இது கசப்பான செய்தி. யார் பேசுகிறார், யாருடைய வழி முதலில் பலகைக்குப் போகிறது, யார் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார் என்பதை ஒருவர் கவனித்து நடத்தவேண்டியிருக்கிறது. பெர்க்லி பட்டறையில் மேசைக்கு மேசை நடந்தவரின் வேலையை அற்பமாக எண்ணக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தயாரிப்பு ஒன்றாக இருந்தும் விலகிப்போவது இன்றும் நடக்கிறது. ஜெசிகா எல்லிஸும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் நுண்கணிதப் பாடத்துக்குப் பின் அடுத்த பாடத்தைத் தொடராமல் விடும் வாய்ப்பு, ஒத்த தகுதியுள்ள ஆண்களைவிடப் பெண்களுக்கு ஒன்றரை மடங்கு. பாடம் புரியவில்லை என்று தாங்களே கருதுவதைக் காரணமாகச் சொன்னவர்கள் பெண்களில் அதிகம். ஒத்த நிலையிலிருந்த ஆண்களில் அப்படி நினைத்தவர்கள் குறைவு. பெர்க்லியின் அறைகளில் தனியாக இருந்தவர்களுக்கும் இந்தப் பெண்களுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: தான் எங்கே நிற்கிறோம் என்று சரியாகச் சொல்லும் அளவுகோல் அவர்கள் கைக்கு வரவில்லை. முன்னவர்கள் தங்கள் நிலையை அதிகமாக எடைபோட்டார்கள், பின்னவர்கள் குறைவாக. மற்றவர்களின் வேலையை அருகிலிருந்து பார்த்திருந்தால் இரு தரப்பினருக்குமே தெரிந்திருக்கும்.

வகுப்புக்குப் பக்கத்தில் ஓர் அறை

பட்டறை முதன்மை வகுப்பை மாற்றவில்லை. நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அரங்கும் விரிவுரையும் தேர்வும் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னோர் அறை திறந்தது. இது இந்தத் திட்டத்தின் நடைமுறை வலிமை, ஏனென்றால் துறை முழுவதையும் இணங்கவைக்காமலே தொடங்க முடிந்தது. நிலையற்றதன்மைக்கும் அதுவே காரணம். நிதி நின்றால், ஆர்வமுள்ள ஒருவர் வேறு இடம் போனால், அந்த அறையை மூடுவது எளிது. வகுப்பு ஒன்றுமே நடக்காததுபோலத் தொடரும். 1996இல் கலிஃபோர்னியாவில் நிறைவேறிய 209ஆம் முன்மொழிவு, அரசுப் பல்கலைக்கழகங்கள் இனத்தைக் கருத்தில் கொண்டு சலுகை தருவதைத் தடுத்தபோது, இனம் சார்ந்து அழைக்கும் திட்டங்கள் எவ்வளவு எளிதில் ஆட்டம்காணக்கூடும் என்பதும் தெரிந்தது.

டிரைஸ்மனே பின்னாளில் முதன்மைப் பாடங்களின் அமைப்பை நோக்கித் திரும்பினார். ஆஸ்டினில் அவர் வழிநடத்திய டானா மையம் 2012இல் டெக்சாஸின் சமுதாயக் கல்லூரிகளோடு சேர்ந்து புதிய கணித வழிகள் திட்டத்தைத் தொடங்கியது. எல்லாரையும் ஒரே இயற்கணித வரிசையில் நிற்கவைக்காமல், படிக்கப்போகும் துறைக்கு ஏற்பப் புள்ளியியல் வழி, அளவியல் சிந்தனை வழி, நுண்கணித வழி என்று பிரித்தனுப்புவது அதன் நோக்கம். பட்டறையிலிருந்து அது வெகுதூரம் போலத் தெரியும். மாணவர் எங்கே விழுகிறார் என்று பார்த்து, அங்கே பாதையையே திருத்தவேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான்.

கணிதத் துறை ஒன்று இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள விரும்பினால், பட்டறையின் வடிவத்தைப் பிரதியெடுப்பதற்கு முன், டிரைஸ்மன் முதலில் செய்ததைச் செய்யவேண்டும். முதலாண்டில் தவறும் மாணவர்களில் சிலரோடு, தேறும் மாணவர்களில் சிலரோடு, அவர்களின் அனுமதியோடு ஒரு பருவம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். யார் யாரோடு படிக்கிறார்? எந்தக் கணக்கில் எத்தனை நிமிடம் நிற்கிறார்? சிக்கிக்கொண்டால் யாரிடம் போகிறார், அல்லது யாரிடமும் போகவில்லையா? பழைய வினாத்தாள் அவர் கைக்கு வருகிறதா? தன் தரம் என்னவாக வரும் என்று தேர்வுக்கு முதல் நாள் கேட்டால் என்ன சொல்கிறார், பிறகு என்ன வருகிறது? இந்தக் கேள்விகளுக்குப் பெரிய நிதி தேவையில்லை. விடைகள் ஒவ்வொரு வளாகத்திலும் வேறாக இருக்கும். ஆகவே கணக்குத் தாள்களும் வேறாகத்தான் எழுதப்படவேண்டும்.

அப்படி எழுதப்பட்ட தாள்களைத் தயாரிப்பவரின் நேரம், அமர்வை நடத்தும் உதவியாளரின் ஊதியம், அவருக்கான பயிற்சி ஆகிய மூன்றும் துறையின் நிரந்தர வரவுசெலவுத் திட்டத்தில் விரிவுரையாளரின் ஊதியத்துக்கு அடுத்த வரியில் இருக்கவேண்டும். சிறப்பு நிதியில் வைத்தால் மூன்றாண்டுகளில் போய்விடும்.